"அக்கா என்னை ஆட்டி வைக்கிறார், எப்படித் தப்பிப்பது?"

வணக்கம் மேடம்,

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்து, இன்றைக்கு வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 9 வருடமாக இருக்கிறேன். என் வேலையில் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். என் பிரச்சினை எங்கள் டீம் லீடர். பிரிவில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். 4 வருடத்துக்கு முன்னால் வந்தார். வந்த முதல் வாரமே என் இருக்கைக்கு வந்து, "இந்த டிபார்ட்மெண்ட்டே உன் தலையிலதான் நிக்குதாமே, எல்லாரும் சொல்றாங்க, இனிமே நீ என் தங்கச்சி மாதிரி" என்றார். நான் உருகிப்போனேன். அதற்கு முன்னால் 5 வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் ஆரம்பித்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரம், சாயங்காலம் 6 மணிக்கு சிஸ்டத்தை அணைக்கப் போகும்போது சரியாகப் பின்னால் வந்து நிற்பார். தோளில் கை வைப்பார். "ஒரே ஒரு சின்ன ஹெல்ப்மா, பத்தே நிமிஷம்." அந்தப் பத்து நிமிஷம் எட்டரை மணி வரைக்கும் போகும். முதல் மாதம் அவருடைய ஷீட் ஒன்றைச் சரிபார்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அந்த ஷீட்டையே நான் போட்டேன். அதற்கடுத்த மாதம் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் வேலை முழுவதும் என்னுடையது என்று ஆகிவிட்டது. அதை எனக்குக் கொடுத்ததாக ஒரு மெயில்கூடக் கிடையாது. ஆனால் தாமதமானால் கேள்வி மட்டும் என்னிடம் வரும்.

ஒரே ஒரு தடவை முடியாது என்று சொன்னேன். ஒன்றரை வருடம் இருக்கும். குழந்தைக்கு நல்ல காய்ச்சல். "பரவாயில்லம்மா, குழந்தைதான் முக்கியம், நான் எப்படியாவது பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார். மறுநாளிலிருந்து முகம் கொடுக்கவில்லை. குட்மார்னிங் சொன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். இரண்டு நாள் அப்படி. நடுவில் வேறு ஒருவர் வந்து, "அக்காகிட்ட என்ன சொன்னே, ரொம்ப மனசு வருத்தப்பட்டுட்டிருக்காங்க" என்று கேட்டார். கடைசியில் நான்தான் போய் சாரி சொன்னேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததற்கு நான் சாரி சொல்லியிருக்கிறேன் மேடம். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

என் உழைப்பையும் தன் பேரில் காட்டிக்கொள்கிறார். போன வருட இறுதிக் கூட்டத்தில் அவர் திரையில் போட்டுக் காட்டியது நான் செய்த ஷீட். ஒத்துவராத வரிகளுக்கு நான் மஞ்சள் நிறம் போடுவேன், அது என் பழக்கம், அந்த மஞ்சளைக்கூட மாற்றவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள சார் வேற பேச்சுக்குப் போயிட்டார்" என்றார். சார் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா உங்களை நல்லா டிரெயின் பண்ணியிருக்காங்க."

இன்னொன்று. அவர் வாயால் சொன்னதை அவரே இல்லை என்பார். பழைய விகிதத்திலேயே போடு என்று என்னிடம் சொன்னார், போட்டேன், தப்பு என்று வந்ததும் எல்லார் முன்னாலும் "நான் எப்பம்மா சொன்னேன், நீ டென்ஷன்ல மாத்திக் கேட்டிருப்பே" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்றால், எனக்கே என் காது மேல் சந்தேகம் வந்துவிட்டது.

என்னோடு நன்றாகப் பழகிய ஒரு பெண்ணும் இப்போது எங்கள் பிரிவில் இல்லை. பக்கத்து இருக்கைதான். அவள் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ், சாயங்காலம் இவள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அந்தக் காய்ச்சல் விஷயம் நடந்த வாரம்தான் என்று நினைக்கிறேன், அக்கா மறுபடி என்னோடு சாப்பிட உட்கார்ந்தார், "அவ முகமே சரியில்லையே, ஏதாவது உதவி பண்ணலாம்னு பாக்கறேன்" என்று கேட்டார், நான் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு பொறுப்பு அவளுக்கு வர வேண்டியது, கூட்டத்தில் அக்கா "பாவம், வாரம் ரெண்டு நாள் ஆறு மணிக்கே ஓடணும் அவ, இதையும் அவ தலையில கட்ட வேண்டாம்" என்று சொல்லி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவள் பிறகு தானாகவே வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். கடைசி நாளில் என்னிடம் வாங்கியிருந்த கால்குலேட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள், பின்பக்க மூடி கழன்றுவிடும் என்று நான் போட்டிருந்த ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது, ஒன்றும் பேசவில்லை. அது தனிக் கதை, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது, இப்போதும் அதே 6 மணி, அதே தோளில் கை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை, நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். என்னைப் பற்றி அக்கா அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ. என் கணவர், "நீ இடம் கொடுக்கறே, அவங்க ஏறி உட்காராங்க" என்கிறார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இப்படி ஆட்டி வைப்பவர்களை முதலிலேயே கண்டுபிடிப்பது எப்படி? இவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது? அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கேட்க நான் என்ன பேச வேண்டும்? வேலையை விட்டுவிடலாமா? அவ்வளவு உழைத்தும் ஏன் மேடம் எனக்கு மட்டும் இப்படி?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள தோழிக்கு,

தங்கைக்கு என்று எழுதத்தான் கை போனது. அந்த உறவைச் சொல்லியே உங்களிடம் 4 வருடமாக வேலை வாங்கியிருக்கிறார்கள், அதனால் இந்தக் கடிதத்தில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் உங்களுக்கு ஒரு நிம்மதி. உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வது எதுவும் கற்பனை இல்லை, அக்கா உங்களை ஆட்டி வைக்கிறார். சின்ன உதவியில் தொடங்கிப் பெரிய சுமையில் கொண்டுவந்து நிறுத்துவது மிகப் பழைய வழி. 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஐந்தாறு ஆண்கள் வந்து இரண்டு மணி நேரம் உங்கள் அலமாரிகளை எல்லாம் திறந்து பார்த்துக் கணக்கெடுப்பார்கள், சம்மதமா என்று நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்கு 22 பேர்தான் சரி என்றார்கள். ஆனால் மூன்று நாள் முன்னதாகவே போன் செய்து, என்ன சோப்பு பயன்படுத்துகிறீர்கள் என்பது போல எட்டு சின்னக் கேள்விகள் கேட்டு, அதற்குப் பதில் வாங்கி வைத்திருந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். ஒரு தடவை உதவி செய்துவிட்டால், "நான் உதவுகிறவள்" என்று நம்மைப் பற்றி நாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம், அடுத்த தடவை மறுப்பது அவரை மறுப்பது போல இல்லை, நம்மையே மறுப்பது போல ஆகிவிடுகிறது. நீங்கள் சரிபார்த்துக் கொடுத்த அந்த முதல் ஷீட் அப்படித்தான் வேலை செய்தது. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை, யாருக்கும் நடக்கும்.

சரி. அக்காவைப் பற்றி இவ்வளவு போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் என்னை விடச் சொன்ன இடம் அது. அதை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் முழுக்க அக்கா என்ன செய்தார், அக்கா என்ன சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியில் மட்டும் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பேனா மூடி. அப்புறம் ஒரு கால்குலேட்டர், அதில் ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது என்பது வரைக்கும். சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தில் ஒன்றரை வருடம் கழித்து ஒருவருக்கு ரப்பர் பேண்டு ஞாபகம் இருக்காது. நீங்கள் மூன்று மாதம் யோசித்ததும், எல்லாரும் தூங்கிய பிறகு எழுத உட்கார்ந்ததும் அக்காவின் பத்து நிமிஷத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஒரு இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. கோபப்படாமல் கேளுங்கள்.

"பேச்சுவாக்கில்" சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற நாட்களை நானே அடுக்கிப் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், நீங்கள் மறுத்தீர்கள். இரண்டு நாள் அக்கா முகம் கொடுக்கவில்லை. நீங்கள் போய் சாரி சொன்னீர்கள். அந்த வாரமே மறுபடி உங்களோடு சாப்பிட உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார். அக்கா செய்தது போட்டு வாங்குவது, அதில் சந்தேகமே இல்லை, அக்கறை என்ற தூண்டிலைப் போட்டார். ஆனால் நீங்கள் கொடுத்தது எதற்காக? இரண்டு நாள் வற்றிப்போயிருந்த பாசம் மறுபடி ஊற ஆரம்பித்திருக்கிறது, அது மறுபடி வற்றிவிடக் கூடாது என்று உங்கள் கையில் இருந்ததில் விலை உயர்ந்த ஒன்றை எடுத்து நீட்டிவிட்டீர்கள். அது உங்கள் பொருள் இல்லை. இன்னொருத்தி உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனது.

உங்களைக் கெட்டவள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடத்தையியல் ஆய்வாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் கண்டுபிடித்ததில் ஒன்று, ஒவ்வொரு கொத்துக்கும் தவறாமல் விழும் தானியத்தைவிட எப்போது விழும் என்று தெரியாத தானியத்துக்காகத்தான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது என்பது. ஒரு நாள் தங்கச்சி, இரண்டு நாள் மௌனம், மறுபடி தங்கச்சி என்று போகும் இடத்தில் மனுஷரும் அப்படித்தான் ஆகிவிடுகிறோம். 5 வருடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத நாற்காலியில் இருந்தவர் நீங்கள், அந்தப் பசி எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பசிக்கு அந்தப் பெண்தான் விலை கொடுத்திருக்கிறாள்.

"நல்லதுக்குத்தான் கேட்டார்", "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை", "தானாகவே போய்விட்டாள்" என்று வரிசையாக மூன்று சமாதானம் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அக்கா செய்த எதற்கும் இந்தக் கடிதத்தில் நீங்கள் சமாதானம் சொல்லவில்லை. மஞ்சள் நிறத்தைக்கூட மன்னிக்கவில்லை. இந்த ஒன்றில் மட்டும் அக்காவையும் சேர்த்துக் காப்பாற்றுகிறீர்கள். ஏன் என்று சொல்கிறேன். 1959-ல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் உயிரை வாங்குகிற அலுப்பான வேலை ஒன்றைக் கொடுத்தார்கள், பலகையில் இருக்கும் முளைகளைத் திருப்பிக்கொண்டே இருப்பது போல. பிறகு, வெளியே காத்திருப்பவரிடம் போய் இது சுவாரசியமான வேலை என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு அந்தப் பொய்க்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். அப்புறம் உண்மையிலேயே அந்த வேலை எப்படி இருந்தது என்று கேட்டால், 20 டாலர் வாங்கியவர்கள் சுவாரசியம் என்று ஒன்றும் இல்லை என்றார்கள், 1 டாலர் வாங்கியவர்கள் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். பெரிய கூலி வாங்கியவனுக்குக் காசுக்காகச் சொன்னேன் என்று ஒரு காரணம் இருக்கிறது. அற்பக் கூலிக்குப் பொய் சொன்னவனுக்கு அது இல்லை, அதனால் அந்தப் பொய்யையே அவன் உண்மை என்று நம்ப வேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் கிடைத்த கூலி ஒரு மதியச் சாப்பாட்டுத் துணை. அவ்வளவுதான். அதனால்தான் அக்கா நல்லதுக்குத்தான் கேட்டார் என்பதை நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை விட்டால் அந்தச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டிவரும்.

பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள், நான் கேட்டது அக்காவிடமிருந்து தப்பிக்க வழி என்று நீங்கள் சொல்லலாம். அந்த வழியில்தான் இது குறுக்கே கிடக்கிறது. "மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை" என்கிறீர்கள். ஆனால் ஒரு தடவை வந்ததே! குழந்தைக்குக் காய்ச்சல் என்று பளிச்சென்று சொல்லிவிட்டுப் போனவர்தானே நீங்கள்? அதற்குப் பிறகுதான் வாய் வரவில்லை. நடுவில் நடந்தது அந்தக் கூட்டம். உங்கள் வாயிலிருந்து போன வார்த்தை அக்கா வாயிலிருந்து வந்ததை நீங்கள் உட்கார்ந்து கேட்ட கூட்டம். அன்றைக்கு நீங்கள் இருவரும் ஒரு ரகசியத்தில் கூட்டாளி ஆகிவிட்டீர்கள். தோளில் இருக்கிற கையை எந்த நிமிஷமும் தட்டிவிடலாம், அது உங்களைக் கட்டிப்போடவில்லை. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது, நீங்கள் எதிர்த்தால் "நீதானே என்கிட்ட சொன்னே" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவர் அதை ஒருநாளும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே தினமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

மற்றவர்களை ஆட்டி வைப்பவர்களின் பலம் புகழ்ச்சியிலோ மிரட்டலிலோ அவ்வளவாக இல்லை என்பது இத்தனை வருடத்தில் நான் பார்த்தது. பிறகு நாமே வெளியில் சொல்ல வெட்கப்படுகிற ஒரு காரியத்தை நம் கையால் செய்ய வைத்துவிடுகிறார்களே, பலம் அங்கேதான் இருக்கிறது. அதனால் "எப்படிக் கண்டுபிடிப்பது" என்ற உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அவர்கள் முகத்தில் தேடினால் கிடைக்காது, நல்ல மேலதிகாரியும் பாராட்டுவார், நல்ல தோழியும் உதவி கேட்பாள், சிரிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறீர்களா? வந்ததும் இன்னொருவர் கண்ணைப் பார்க்கத் தயங்குகிறீர்களா? "இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று ஒன்று கூடிக்கொண்டே போகிறதா? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது சில வரிகளைத் தாண்டிச் சொல்கிறீர்களா? அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் செய்யாத ஒன்றை அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்கிறீர்கள் என்றால், ஒதுங்கிக்கொள்ள அதுவே போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், வலிக்கும். புதிதாக வந்தவர்கள் உங்களிடம் பேசாததற்கு அக்கா ஏதோ சொல்லி வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம், கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர் அதையும் செய்யக்கூடியவர்தான். ஆனால் ஒரு பிரிவில் இந்த மாதிரிச் செய்தி பரவ அதிக நேரம் ஆகாது. இவளிடம் சொன்னால் அங்கே போய்விடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கலாம், அது பொய் என்று உங்களாலும் சொல்ல முடியாது. அப்படி இருந்தால், நீங்கள் கேன்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு மாறுவது அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்வது. அக்காவைப் பார்த்து நீங்கள் எப்படிப் பயப்படுகிறீர்களோ, கொஞ்சம் அதே மாதிரி அவர்கள் உங்களைப் பார்த்து.

உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் சரியாக அளந்துகொள்ளுங்கள், நீங்கள் கணக்குக்காரர், உங்களுக்குத் தெரியும், குறைத்து எழுதினாலும் தப்பு, கூட்டி எழுதினாலும் தப்பு. அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து பறித்தது நீங்கள் இல்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் தாயின் நோயைக் காரணமாக்கி, பாவம் என்று சொல்லியே அவளை ஓரம் கட்டியது அக்கா, அதை அப்படியே ஏற்றுக்கொண்டது சார். அது அவர்கள் கணக்கு. நம்பிச் சொன்னதை வெளியே சொன்னதும், கூட்டத்தில் வாயைத் திறக்காமல் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததும் உங்களுடையது. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு உண்டு.

அவளிடம் பேசுங்கள். மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள், நேரில் முடிந்தால் இன்னும் நல்லது. "உன் அம்மா விஷயத்தை அக்காவிடம் சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்ததும் நான்தான்." இவ்வளவு போதும். அக்கா போட்டு வாங்கினார் என்பதை அங்கே சொல்லாதீர்கள், நிஜமாகவே போட்டு வாங்கினார் என்றாலும் சொல்லாதீர்கள், சொன்ன அந்த நிமிஷமே மன்னிப்பு முறையீடாக மாறிவிடும், அவள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமை வந்துவிடும். மன்னித்துவிட்டாயா என்றும் கேட்காதீர்கள். அவள் திட்டலாம், போனை வைத்துவிடலாம், எப்போதோ தெரியும் என்று சொல்லலாம். கால்குலேட்டரை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போன விதத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சாரிடம் போய் நடந்ததைச் சொல்லி அவளுக்கு நியாயம் வாங்கித் தரலாமே என்று உங்களுக்கு வேகம் வரும். அதை அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள். அவள் அம்மாவின் கதையை அவள் அனுமதி இல்லாமல் ஒரு தடவை எடுத்துக் கொடுத்தாயிற்று, நல்ல நோக்கம் என்று சொல்லி இரண்டாவது தடவையும் எடுக்க வேண்டாம்.

இனி அக்கா. அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கேட்கும் வசனம் எதையும் நான் எழுதித் தரப்போவதில்லை, பேச்சில் அவரை நீங்கள் ஜெயிக்க முடியாது, அந்த ஆட்டத்தில் அவர் கைதேர்ந்தவர். இரண்டு மூன்று சின்ன விஷயங்கள் செய்யுங்கள். அவர் வாயால் சொல்லும் வேலையை அரை மணி நேரத்துக்குள் மெயிலில் திருப்பி எழுதுங்கள், "நீங்கள் சொன்னபடி பழைய விகிதத்தில் போடுகிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்" என்று, அதில் குத்தல் எதுவும் வேண்டாம். 6 மணிக்குத் தோளில் கை விழுந்தால் எழுந்து நின்று பேசுங்கள், உட்கார்ந்திருப்பவர் தோளில்தான் கை வைக்க முடியும். "இன்னைக்கு முடியாது அக்கா, நாளைக்கு பத்து மணிக்குப் பார்க்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள், காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் அவர் காரணத்தோடு பேச ஆரம்பித்துவிடுவார். வேறு யாரைப் பற்றியாவது கேட்டால், "அதை அவங்ககிட்டயே கேளுங்க அக்கா." இந்த ஒன்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள். மௌனம் வரும். இரண்டு நாள் இல்லை, இந்தத் தடவை இரண்டு வாரம்கூட வரும், யாராவது வந்து அக்கா மனசு வருத்தப்படறாங்க என்று தூது சொல்வார்கள். வரட்டும். போய் சாரி சொல்லாதீர்கள், எதையும் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவு எடுக்க வேண்டாம். இப்போது விட்டால் அக்காவால் விட்டேன் என்று உங்களுக்கு ஒரு கதை கிடைக்கும், அந்தப் பத்தி அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த அலுவலகத்தில் வேறு ஒரு அக்கா தோளில் கை வைக்கும்போது அது அங்கேயும் உங்கள் வாயை அடைக்கும். உங்கள் கணவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை, ஆனால் எந்த இடத்தைக் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, நீங்கள் அவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அவரிடம் சொல்லிப் பாருங்கள், போன் செய்வதற்கு ஒரு ஒத்திகையாக இருக்கும்.

அவளிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத வேண்டாம், அது அவளுடையது. பேசினேன் என்று மட்டும் எழுதுங்கள், அக்காவைப் பற்றி மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்